குகைக்குத் தேய்மானம் எழுதுவது யார்?

விசாகப்பட்டினத்தில் காலையில் கிளம்பும் கிரந்துல் ரயிலில் ஜன்னலோர சீட்டுக்கு நடக்கும் தள்ளுமுள்ளு ரொம்பப் பிரசித்தம். எஸ்.கோட்டா தாண்டியதும் வண்டி மலையேற ஆரம்பிக்கும். அதற்கப்புறம் சுரங்கம், பள்ளத்தாக்கு, மறுபடி சுரங்கம். ஒவ்வொரு சுரங்கத்துக்குள் நுழையும்போதும் பெட்டி முழுக்க 'ஓ'வென்று கத்தும். 2017-ல் கண்ணாடிக் கூரை வைத்த விஸ்டாடோம் பெட்டியும் சேர்த்த பிறகு கூட்டம் இன்னும் அதிகம். பைலாடிலா இரும்புத் தாதுவை ஜப்பானுக்கு ஏற்றுமதி செய்ய 1960-களில் போட்ட பாதை இது. இன்று அதே பாதையில் தேனிலவுத் தம்பதிகளும் கல்லூரி டூர் கோஷ்டிகளும் போகிறார்கள்.

பொர்ரா குகலு என்று ஒரு ஸ்டேஷன். அங்கே இறங்கிக் கொஞ்ச தூரம் நடந்தால் மூங்கில் குழாய்க்குள் கோழியை அடைத்துச் சுடும் வாசனை, அரக்கு காப்பித்தூள் கடைகள், கையில் இருப்பதைப் பிடுங்கக் காத்திருக்கும் குரங்குகள், டிக்கெட் கவுன்டர். டிக்கெட் வாங்கிப் படி இறங்கினால் பொர்ரா குகை.

கடல் மட்டத்திலிருந்து 700 மீட்டர் உயரத்தில், அனந்தகிரி மலையில் இருக்கும் சுண்ணாம்புக்கல் குகை இது. சுமார் 80 மீட்டர் ஆழம் என்கிறார்கள். வாய் பெரியது. ஒரு சினிமா தியேட்டரையே உள்ளே வைத்துவிடலாம் போலிருக்கும். கீழே கோஸ்தனி ஆறு. மேலிருந்து தொங்குவது கல்விழுது, தரையிலிருந்து வளர்வது கல்முளை, இரண்டும் சேர்ந்துவிட்டால் கல்தூண் என்று பள்ளிக்கூடப் புவியியலில் படித்ததெல்லாம் அங்கே நிஜமாக நிற்கிறது. சிவன் பார்வதி, தாயும் சேயும், முனிவர் தாடி, முதலை, மனித மூளை என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர். கைடு டார்ச் அடித்துக் காட்டும்வரை அது வெறும் கல். காட்டிய பிறகு முதலையைத் தவிர வேறு எதுவும் கண்ணுக்குத் தெரியாது!

(1807-ல் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த வில்லியம் கிங் ஜார்ஜ் என்ற ஆங்கிலேயர் இந்தக் குகையைக் 'கண்டுபிடித்தார்' என்று சுற்றுலா விளம்பரங்களில் போடுகிறார்கள். அந்தத் துறை தொடங்கப்பட்டதே 1851-ல்தான். இதை யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை. ஒரு பசு கூரை ஓட்டை வழியாக உள்ளே விழுந்தது, தேடிப்போன மாடு மேய்ப்பவன் உள்ளே லிங்கத்தைக் கண்டான் என்று ஊர்க்காரர்கள் சொல்லும் கதையில் இப்படிக் கணக்கு உதைக்கும் பிரச்சினை கிடையாது.)

சரி, விஷயத்துக்கு வருவோம்.

ஒரு குகையைச் சுற்றுலாத் தலமாக நடத்துவதைப் போல சுலபமான வியாபாரம் உலகத்தில் இருக்க முடியாது என்று வெளியிலிருந்து பார்த்தால் தோன்றும். சரக்கு வாங்க வேண்டாம். உற்பத்திச் செலவு இல்லை. ஒரு வாசல், ஒரு டிக்கெட் கவுன்டர், படிக்கட்டு, கைப்பிடிக் கம்பி, விளக்கு, சில ஊழியர்கள். சரக்கைக் காட்டிவிட்டுத் திரும்ப வைத்துக்கொள்ளலாம். வந்தவர் பார்த்துவிட்டுப் போகிறார், பொருள் அப்படியே இருக்கிறது, அடுத்தவருக்கு மறுபடி விற்கலாம். வரவு முழுக்க லாபம் மாதிரிதான்!

அந்த 'அப்படியே இருக்கிறது' என்ற இடத்தில்தான் கணக்கு தப்புகிறது.

பி.காம் சேர்ந்த முதல் வருஷத்திலேயே தேய்மானம் என்ற பாடம் வந்துவிடும். ஒரு லாரி வைத்திருப்பவர் வாடகை வரவை எல்லாம் லாபம் என்று எழுதிச் செலவழித்தால், பத்து வருஷம் கழித்து லாரியும் இருக்காது, புது லாரி வாங்கப் பணமும் இருக்காது. அதனால் ஒவ்வொரு வருஷமும் லாரியின் விலையில் ஒரு பங்கைச் செலவாக எழுது என்று சொல்லித் தருகிறார்கள். நேர்கோட்டு முறை எல்லாவற்றிலும் எளிது: அசல் விலையிலிருந்து கடைசியில் தேறும் மதிப்பைக் கழித்து, ஆயுட்காலத்தால் வகுக்க வேண்டும். அவ்வளவுதான்.

இந்தச் சூத்திரத்தில் பொர்ராவைப் போட்டுப் பாருங்கள். அசல் விலை என்ன? குகையை யாரும் விலை கொடுத்து வாங்கவில்லை. பூஜ்யம். ஆகவே தேய்மானமும் பூஜ்யம். கைப்பிடிக் கம்பிக்குத் தேய்மானம் எழுதலாம், விளக்குக்கு எழுதலாம், கவுன்டரில் இருக்கும் கம்ப்யூட்டருக்கும் எழுதலாம். ஆனால் எதைப் பார்க்க எல்லோரும் வருகிறார்களோ, அந்தக் கல்விழுதுக்கு எழுத முடியாது. கணக்குப் புத்தகத்தைப் பொறுத்தவரை அது இல்லவே இல்லை.

கல் தேயுமா என்று கேட்கலாம். தேய்கிறது. எப்படி என்று புரிய, அது எப்படி வளர்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும்.

மழைநீர் காற்றிலிருந்தும் மண்ணிலிருந்தும் கரியமில வாயுவை எடுத்துக்கொண்டு லேசான அமிலமாகிறது. நம் சோடாவில் இருப்பதும் அதே அமிலம்தான், இது ரொம்ப நீர்த்தது. அந்த நீர் சுண்ணாம்புக்கல்லைத் துளித்துளியாகக் கரைத்துக்கொண்டு கீழே இறங்குகிறது. குகையின் கூரைக்கு வந்ததும் துளி அப்படியே தொங்குகிறது. குகைக்குள் காற்றில் கரியமில வாயு குறைவு என்பதால் துளியிலிருந்து வாயு வெளியேறுகிறது. வாயு போனதும் கரைந்த சுண்ணாம்பைத் தாங்கும் சக்தி நீருக்குப் போய்விடுகிறது. கூரையில் ஒரு மெல்லிய படிவம் ஒட்டிக்கொள்கிறது, துளி விழுகிறது, விழுந்த இடத்தில் மிச்சம் ஒட்டுகிறது. மேலே விழுது, கீழே முளை. வேகம் இடத்துக்கு இடம் மாறும். பொதுவாகச் சொல்வது வருஷத்துக்கு ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு. அந்தக் கணக்கில் ஒரு சென்டிமீட்டருக்கு நூறு வருஷம். செல்ஃபி எடுக்கும் அவசரத்தில் யாரோ ஒருவர் விரல் நீளத்துக்கு ஒரு விழுதை ஒடித்துவிட்டால், போனது 700 வருஷம். ராஜராஜ சோழன் காலத்தில் முளைவிட்ட ஒரு விழுது இன்று பத்து சென்டிமீட்டர்தான் இருக்கும்!

இப்போது இந்த ஏற்பாட்டுக்குள் ஆயிரம் பேரை அனுப்புங்கள். ஒரு மனிதர் சும்மா நின்றாலே மணிக்குச் சுமார் 20 லிட்டர் கரியமில வாயுவை வெளியே விடுகிறார். படி ஏறி இறங்கினால் இன்னும் அதிகம். ஆயிரம் பேர் ஒரு மணி நேரம் நின்றால் 20,000 லிட்டர். கிட்டத்தட்ட இரண்டு தண்ணீர் லாரி கொள்ளளவு. குகைக் காற்றில் அந்த வாயு ஏற ஏற, துளியிலிருந்து வெளியேற வேண்டிய வாயு வெளியேறத் தயங்குகிறது. வளர்ச்சி மெதுவாகிறது. ரொம்ப ஏறினால், மூச்சின் ஈரம் குளிர்ந்த சுவரில் படிந்து, அதில் வாயு கரைந்து, இருக்கிற கல்லையே அரிக்கவும் செய்யும். போதாததற்கு ஒவ்வொருவரும் ஒரு 100 வாட் பல்பு அளவுக்குச் சூட்டையும் கூடவே கொண்டுவருகிறார்.

நியாயமாகச் சொன்னால், பொர்ராவுக்கு வாய் பெரிது. காற்று வந்து போகும். ஆகவே மூச்சு அங்கே அவ்வளவு பெரிய வில்லன் இல்லை. அங்கே பெரிய வில்லன்கள் கையும் விளக்கும்தான்.

தொட்டால் என்ன ஆகிவிடும்? தோலின் எண்ணெய்ப் பசை கல்லில் ஒட்டுகிறது. அதன்மேல் வரும் நீர் முன்னைப்போல் படியாமல் வழுக்கிப் போகிறது. அழுக்கு சேர்ந்து அந்த இடம் கறுக்கிறது. மக்கள் நடக்கும் எந்தக் குகையிலும் கை எட்டும் உயரம்வரை ஒரு நிறம், அதற்கு மேலே ஒரு நிறம் என்று பார்க்கலாம். கோயில் தூணில் பல தலைமுறை சாய்ந்து உட்கார்ந்து பளபளப்பாக்கிய இடம் மாதிரி. கோயில் தூணில் அது அழகு. வளர்ந்துகொண்டிருக்கும் கல்லில் அது மரணச் சான்றிதழ்.

விளக்கு இன்னொரு கதை. குகை என்றால் இருட்டு. இருட்டில் செடி வளராது. நாம் சிவப்பு, பச்சை, நீலம் என்று கல்யாண மண்டப ரேஞ்சுக்கு விளக்குப் போட்டதும், விளக்கைச் சுற்றிப் பாசி வருகிறது, அப்புறம் பூஞ்சை, அப்புறம் குட்டிப் பெரணிகூட வரும். உலகம் முழுக்கச் சுற்றுலாக் குகைகளில் இருக்கும் நோய் இது. பாசி சுரக்கும் அமிலம் கல்லைத் தின்னும், பாசியைத் தேய்த்துக் கழுவினால் கல்லும் சேர்ந்து போகும். இத்தனைக்கும் அந்த வண்ண விளக்கு எதற்கு என்பது புரியாத மர்மம். லட்சக்கணக்கான வருஷம் எடுத்து உருவான கல்லின் நிறம் போதவில்லை என்று அதன்மேல் பச்சை அடிப்பானேன்?

ஆக, தேய்மானம் உண்டு. அதைக் கணக்கில் எழுதாததால் அது நடக்காமல் போய்விடாது.

இதை வேறு வழியே இல்லாமல் எழுத வேண்டி வந்த ஊர் ஒன்று உண்டு. பிரான்சின் லாஸ்கோ. 1940 செப்டம்பரில் நான்கு பையன்கள் உள்ளே இறங்கிப் பார்த்த சுண்ணாம்புக்கல் குகை. சுவர் முழுக்கப் பல ஆயிரம் வருஷப் பழைமையான காளைகளும் குதிரைகளும். 1948-ல் பொதுமக்களுக்குத் திறந்தார்கள். வாசலை அகலமாக்கினார்கள், தரையை இறக்கினார்கள், விளக்குப் போட்டார்கள். 1955 வாக்கில் நாளுக்கு 1,200 பேர். ஊரே செழித்தது. அப்புறம் சுவரில் பச்சைப் பாசி. அதற்கப்புறம் ஓவியங்களின்மேல் வெள்ளையாகச் சுண்ணாம்புப் படிவம். 1963-ல் அன்றைய கலாச்சார அமைச்சர் ஆந்த்ரே மால்ரோ பொதுமக்களுக்குக் கதவைச் சாத்தினார். 15 வருஷ வரவு, அதோடு சரி. 1983-ல் பக்கத்திலேயே ஒரு நகல் குகை கட்டித் திறந்தார்கள். 2016-ல் இன்னும் பெரிய, முழு நகல். கதவைச் சாத்திய பிறகும் அசல் குகைக்கு நிம்மதி இல்லை, 2001-ல் பூஞ்சை கிளம்பிச் சுவரெல்லாம் பரவியது. ஒருமுறை கெட்டுப்போன காற்று பழையபடி ஆவது லேசில் நடக்காது போலிருக்கிறது.

வணிகவியல் பாஷையில் சொன்னால், லாஸ்கோ 15 வருஷமாக மூலதனத்தைத் தின்றுகொண்டு அதை லாபம் என்று நினைத்துக்கொண்டிருந்தது. நகல் கட்டிய செலவுதான் எழுதாமல் விட்ட தேய்மானத்தின் மொத்த பில்.

ஸ்லோவேனியாவின் போஸ்தொய்னா இதற்கு நேர் எதிர் உதாரணமாகக் காட்டப்படும். 1819-லிருந்து டிக்கெட் போட்டுக் காட்டுகிறார்கள். 1872-ல் குகைக்குள்ளேயே தண்டவாளம் போட்டார்கள், ஆரம்பத்தில் வண்டியை ஆட்கள் தள்ளினார்கள்! 1884-லேயே மின்விளக்கு. இதுவரை மூன்றரைக் கோடிப் பேருக்கு மேல் பார்த்தாயிற்று. இருநூறு வருஷமாகக் குகை ஓடுகிறதே, பிறகென்ன தேய்மானம் என்று கேட்பவர்கள் உண்டு. அங்கே வாசல் பக்கத்துச் சுவரைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியர்கள் உள்ளே எரிபொருள் சேமித்து வைத்தார்கள். 1944-ல் விடுதலைப் படையினர் அதற்குத் தீ வைத்தார்கள். அந்தக் கரி எண்பது வருஷம் கழித்தும் சுவரில் அப்படியே இருக்கிறது. வெளியே என்றால் பத்து மழையில் போயிருக்கும். குகைக்குள் மழை கிடையாது, வெயில் கிடையாது. உள்ளே போவது எதுவும் வெளியே வருவதில்லை என்பதுதான் குகையின் குணம்.

அமெரிக்காவின் கார்ல்ஸ்பாட் குகையில் 2024-ல் நடந்தது இன்னும் சின்ன விஷயம். யாரோ ஒருவர் ஒரு சீட்டோஸ் பாக்கெட்டைக் கீழே போட்டுவிட்டார். அவ்வளவுதான்! குகையின் ஈரத்தில் சோளப்பொரி ஊறி, பூஞ்சை பிடித்து, அதைத் தின்ன குகைப் பூச்சிகளும் சிலந்திகளும் ஈக்களும் வந்து, அது பக்கத்துக் கல்லுக்கும் பரவ ஆரம்பித்தது. ஊழியர்கள் இருபது நிமிஷம் செலவழித்துச் சுத்தம் செய்தார்கள். பூங்கா நிர்வாகமே இதை எழுதி வெளியிட்டது. அதே குகையில் பார்வையாளர்களின் உடையிலிருந்து உதிரும் நூல் துகள், முடி, தோல் செதில் ஆகியவற்றைப் பொறுக்கி எடுக்கத் தனியாகத் தன்னார்வலர் முகாமே நடத்துகிறார்கள். நம்மூரில் இதைச் சொன்னால் சிரிப்பார்கள். ஆனால் அந்த இருபது நிமிஷம்தான் தேய்மானச் செலவு. அவர்கள் அதைக் கணக்கில் காட்டுகிறார்கள்.

அப்படியென்றால் குகைகளை எல்லாம் பூட்டிவிடலாமா? கூடாது. அதற்கும் ஆந்திராவிலேயே ஆதாரம் இருக்கிறது. பேலம் குகை. 1884-ல் ராபர்ட் புரூஸ் ஃபூட் எழுதி வைத்தார் (1863-ல் பல்லாவரத்தில் கற்கோடரியைக் கண்டெடுத்தாரே, அதே மனிதர்). பிறகு கிட்டத்தட்ட நூறு வருஷம் யாரும் கண்டுகொள்ளவில்லை. 1982-லிருந்து ஒரு ஜெர்மன் குழு வந்து அளந்தது. 3,229 மீட்டர் நீளம். அந்த நூறு வருஷத்தில் குகை பத்திரமாக இருந்ததா? சுற்றுவட்டாரக் குப்பையெல்லாம் அதற்குள்தான் போனது. சுற்றுலாத் துறை எடுத்துச் சுத்தம் செய்து, 2002-ல் திறந்த பிறகுதான் குப்பைத் தொட்டி குகையானது. யாருக்கும் வருமானம் தராத பொருளை யாரும் காப்பாற்றுவதில்லை என்பது கசப்பான உண்மை. டிக்கெட் எதிரி அல்ல. டிக்கெட்டை எப்படி எழுதுகிறோம் என்பதுதான் கேள்வி.

அதுவும் பொர்ராவில் இந்தக் கேள்விக்கு இன்னொரு முகம் இருக்கிறது.

சுண்ணாம்புக்கல்லுக்கு இரண்டு விலை உண்டு. ஒன்று, பார்க்கும் விலை. மற்றது, உடைக்கும் விலை. அரியலூர்க்காரர்களுக்கு இரண்டாவது நன்றாகத் தெரியும், அங்கே சுண்ணாம்புக்கல் என்றால் சிமென்ட் ஆலை. 2014-ல் மத்திய அரசு திருத்திய விகிதப்படி சாதாரணச் சுண்ணாம்புக்கல்லுக்கு அரசுக்குக் கட்ட வேண்டிய ராயல்டி டன்னுக்கு 80 ரூபாய். ஒரு டன் எடையுள்ள கல்முளை உருவாக எத்தனை ஆயிரம் வருஷம் என்று கணக்குப் போட வேண்டாம். ராயல்டிக்காரர் கணக்கில் 80 ரூபாய்.

பொர்ராவைச் சுற்றியுள்ள மலைக்கும் அந்தக் கதி வர இருந்தது. அனந்தகிரி மண்டலத்தில் பழங்குடி மக்கள் வாழும் பொர்ரா காப்புக்காட்டுப் பகுதியில், வெளியார் நிறுவனங்களுக்குக் கால்சைட் முதலியவற்றைத் தோண்டக் குத்தகை கொடுத்திருந்தார்கள். அரசியல் சட்டத்தின் ஐந்தாவது அட்டவணையில் வரும் பகுதி அது. அங்கே பழங்குடி அல்லாதவருக்கு நிலத்தை மாற்றக்கூடாது என்று ஆந்திராவில் 1959-லேயே ஒரு ஒழுங்குமுறைச் சட்டம் இருந்தது, 1970-ல் அதை இன்னும் இறுக்கினார்கள். 'அது தனிமனிதர்களுக்குத்தானே, அரசாங்கத்துக்கு எப்படிப் பொருந்தும்' என்பது அரசுத் தரப்பின் வாதம். சமதா என்ற தொண்டு நிறுவனம் வழக்குப் போட்டது. 1997 ஜூலை 11-ல் உச்ச நீதிமன்றம் 2-க்கு 1 என்ற கணக்கில் தீர்ப்புச் சொன்னது. சட்டத்தில் 'நபர்' என்று வருவதில் அரசும் அடக்கம், அரசே ஆனாலும் அங்கே பழங்குடி அல்லாதவருக்குச் சுரங்கக் குத்தகை கொடுக்க முடியாது என்றது. இந்தியச் சுரங்கச் சட்டம் பற்றிப் பேசும் யாரும் 'சமதா தீர்ப்பை' விட்டுவிட்டுப் பேச முடியாது. அதன் வேர் இந்தப் பொர்ரா மலையில் இருக்கிறது என்பது, டார்ச் வெளிச்சத்தில் முதலை பார்த்துவிட்டு வரும் சுற்றுலாப் பயணிகளில் எத்தனை பேருக்குத் தெரியும்?

அதே தீர்ப்பில் இன்னொரு வாசகமும் உண்டு. இத்தகைய பகுதிகளில் நடக்கும் தொழிலின் நிகர லாபத்தில் குறைந்தது 20 சதவீதத்தை நிரந்தர நிதியாக ஒதுக்கி, அந்தப் பகுதியின் தண்ணீர், பள்ளி, மருத்துவமனை, சுகாதாரம், சாலை ஆகியவற்றுக்குச் செலவிட வேண்டும் என்றது நீதிமன்றம். வழக்கு சுரங்கத்தைப் பற்றியது. ஆகவே எல்லோரும் அதைச் சுரங்கத்தோடு நிறுத்திக்கொண்டார்கள். 2015-ல் சுரங்கச் சட்டத்தைத் திருத்தி மாவட்டக் கனிம அறக்கட்டளை கொண்டுவந்தபோதும், ராயல்டியோடு ஒரு பங்கு உள்ளூருக்கு என்ற எண்ணம் கனிமத்தோடுதான் நின்றது.

ஆனால் யோசித்துப் பாருங்கள். அந்த மலையைத் தோண்டாமல் வைத்திருந்ததால்தானே இன்று சுற்றிக் காட்ட ஒரு மலை இருக்கிறது? தோண்டினால் உள்ளூர் மக்களுக்குப் பங்கு உண்டு, தோண்டாமல் காட்டினால் பங்கு இல்லை என்றால் அது என்ன கணக்கு? உள்ளூர் மக்களுக்குச் சிலருக்குக் கைடு வேலை, சிலருக்கு மூங்கில் கோழிக் கடை கிடைக்கிறது, உண்மைதான். வேலைக்குக் கிடைப்பது கூலி. மூலதனம் போட்டவருக்குக் கிடைக்க வேண்டியது வேறு. இரண்டையும் குழப்பிவிட்டு 'வேலை கொடுத்திருக்கிறோமே' என்பது, பங்குதாரரிடம் 'உங்களை வாட்ச்மேனாக வைத்திருக்கிறோமே' என்று சொல்வதுபோல் இருக்கிறது.

தீர்வு என்ன என்றால் எல்லோரும் சட்டென்று சொல்வது: டிக்கெட் விலையை ஏற்று, கூட்டம் தானாகக் குறையும். பொருளாதாரப் பாடத்தில் இதற்கு முழு மார்க் கிடைக்கும். நிஜத்தில் இது மோசமான யோசனை. விலை ஏறினால் நின்றுபோவது யார்? விஜயநகரத்திலிருந்து பஸ் பிடித்து வரும் குடும்பமும், வாத்தியாரோடு வரும் அரசுப் பள்ளிப் பிள்ளைகளும்தான். விஸ்டாடோமில் வருபவர் அல்ல. தேய்மானத்துக்குக் காரணம் தலைகளின் எண்ணிக்கை, பணக்காரன் தலைக்கும் அதே 20 லிட்டர்தான். :-)

ஸ்பெயினின் அல்தமிரா வேறு வழியைக் காட்டியது. அதுவும் ஓவியக் குகை, அதுவும் மூச்சுக்காற்றில் அடிபட்டது. 1977-ல் மூடி, 1982-ல் ஆண்டுக்கு 8,500 பேர் மட்டும் என்று திறந்தார்கள். பார்க்க ஆண்டுக்கணக்கில் காத்திருந்தார்கள். 2002-ல் மறுபடி மூடினார்கள். 2014-ல் சோதனையாக வாரத்துக்கு ஒருமுறை, அன்று மியூசியத்துக்கு வந்தவர்களில் ஐந்து பேரைக் குலுக்கலில் எடுத்து, பாதுகாப்பு உடை போட்டு, 37 நிமிஷம் உள்ளே அனுப்பினார்கள். குலுக்கலில் கோடீஸ்வரனுக்கும் ஒரு சீட்டு, குமாஸ்தாவுக்கும் ஒரு சீட்டு. பொர்ராவுக்கு ஐந்து பேர் கணக்கு தேவையில்லை, அது அவ்வளவு நோஞ்சான் குகை அல்ல. ஆனால் ஒரு நாளைக்கு இத்தனை பேர், ஒரு நேரத்தில் உள்ளே இத்தனை பேர் என்ற எண் தேவை. அந்த எண்ணைக் குகையில் வைத்த கருவி சொல்ல வேண்டும், டிக்கெட் கவுன்டரின் வரிசை சொல்லக் கூடாது. சர்வதேச சுற்றுலாக் குகைகள் சங்கமும் ஐ.யு.சி.என்-னும் சேர்ந்து 2014-ல் வெளியிட்ட வழிகாட்டு நெறிகளிலும் இதைத்தான் கேட்கிறார்கள்.

பிறகு வாரத்தில் ஒரு நாள் விடுமுறை, குகைக்கு. அருங்காட்சியகத்துக்குத் திங்கள்கிழமை விடுமுறை விடுகிறோம், பல ஊர்களில் உயிரியல் பூங்காவுக்கும் ஒரு நாள் விடுகிறோம். குகை மட்டும் என்ன பாவம் செய்தது? வண்ண விளக்கைக் கழற்றிவிட்டு, சூடு குறைந்த விளக்கை, ஆள் வரும்போது மட்டும் எரியும்படி வைக்கலாம். இதற்கெல்லாம் ராக்கெட் விஞ்ஞானம் வேண்டாம், தெருவிளக்கிலேயே சென்சார் வந்தாயிற்று.

எல்லாவற்றுக்கும் மேல், டிக்கெட்டின் பின்பக்கம். இப்போது அங்கே 'குப்பை போடாதீர்' என்பது போன்ற உபதேசம்தான் அச்சடிப்பார்கள். அதற்குப் பதில் மூன்று வரி போதும். இந்த டிக்கெட்டில் இத்தனை ரூபாய் நடத்தும் செலவு, இத்தனை ரூபாய் குகைப் பராமரிப்புக்குத் தனிக் கணக்கு, இத்தனை ரூபாய் இந்த மலையின் கிராமங்களுக்கு. மூன்றாவது வரியின் விகிதத்தை முடிவு செய்யப் புதிதாகக் கமிட்டி போடத் தேவையில்லை, 1997-லேயே ஒரு எண் சொல்லப்பட்டிருக்கிறது. இரண்டாவது வரிக்குத்தான் உட்கார்ந்து யோசிக்க வேண்டும். நேர்கோட்டு முறையா, குறைந்து செல் இருப்பு முறையா என்பதெல்லாம் ஆடிட்டர்கள் பாடு. ஆயுட்காலம் என்ற கட்டத்தில் என்ன எண் போடுவார்கள் என்பதைப் பார்க்க மட்டும் ஆவலாக இருக்கும்.

சாயங்காலம் ஆனால் பொர்ராவில் கவுன்டரை மூடிவிடுவார்கள். கோழிக் கடையில் தணல் அணையும். குரங்குகளும் கலைந்துவிடும். கடைசி ஆள் வெளியே வந்து விளக்கை அணைத்த பிறகு வௌவால்கள் கிளம்பும் நேரம். உள்ளே கூரையில் ஒரு துளி தொங்கிக்கொண்டிருக்கும். காலையில் முதல் டிக்கெட் கிழிபடும்வரை அதற்கு நேரம் இருக்கிறது.